குடிக்காதவனின் வயிறு

பரவை இம்மானுவேலுக்கு வயிறு முன்னால் தள்ளியதும் ஊருக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. கால் வீங்கியிருக்கிறது, கை மட்டும் குச்சியாய்க் கிடக்கிறது. பிறகென்ன, குடிகாரன்தான்! மிஷன் பள்ளிக்கூடத்துக் கிளார்க், கலியாண வீட்டுச் சோடாவைக்கூட மோந்து பார்த்துக் குடிக்கிற மனுஷன். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? நாசமாய்ப் போகிற வாய்கள் பேசின. சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஊர் கிடக்கட்டும். மனைவி பெர்சியே நம்பவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வாசலை மறித்து நிற்பாள்.

"ஊதுங்க."

ஊதுவார். வாடை இருக்காது.

"பாக்கு போட்டு மறைக்கிறீக" என்பாள்.

அவள் தம்பி ஜெய்சன் பெரிய வைத்தியன். குடித்து வெந்த ஈரலுக்கு நெஞ்செலும்பு சூப்தான் மருந்து என்று ஞாயிறுதோறும் கொழுப்போடு கறி வாங்கி வருவான். பெர்சி அதன் தலையில் நல்லெண்ணெயும் ஊற்றுவாள். சூப்பைக் குடித்த கையோடு இம்மானுவேல் கக்கூசுக்கு ஓடுவார். வெளுத்து, எண்ணெயாய் மிதக்கும். எம்புட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ஊட்ட ஊட்ட ஆள் உருகினார்.

கடைசியில் குடியை நிறுத்துகிற இல்லத்தில் சேர்க்க ஜெய்சன் கார் பிடித்து வந்தான்.

"போறேன் மாப்ள. அதுக்கு முன்னாடி மதுரையில பெரிய டாக்டரைப் பாக்கணும். குடின்னு அவுக சொல்லட்டும், நானே போய்ப் படுத்துக்கிறேன்."

பொய் சொல்லிவிடுவார் என்று இரண்டு பேரும் கூடவே போனார்கள்.

டாக்டர் தமிழ்ச்செல்வி ஸ்கேன் பார்த்தார், ரத்தம் பார்த்தார், குழாய் விட்டுக் குடலில் துளி சதை கிள்ளிப் பரிசோதித்தார். பிறகு மூன்று பேரையும் உட்காரவைத்தார்.

"ஈரல்ல ஒரு குறையும் இல்ல. குடல்ல இருந்து கொழுப்பை எடுத்துட்டுப் போற சின்னக் குழாயெல்லாம் அடைச்சு வீங்கியிருக்கு. பிறவிக் கோளாறு, அபூர்வம். இப்பத்தான் முத்தியிருக்கு. உடம்புல இருக்க வேண்டிய புரதம் குடல்ல ஒழுகுது, அதான் இந்த வீக்கம். நெய், கறி, வீட்டு எண்ணெய் எதுவும் ஆகாது. நான் தர்ற தனி எண்ணெய் மட்டும்தான். கொழுப்பு சூப்பா? யாரு குடுத்தது?"

ஜெய்சன் மின்விசிறியைப் பார்த்தான்.

மாதங்கள் போக வீக்கம் வடிந்தது. "மனசுல வச்சுக்காதீக அத்தான்" என்று ஜெய்சன் வந்து நின்றான்.

"வெளிய போடா."

பெர்சி இப்போதெல்லாம் வாசலுக்கு வருவதில்லை. எண்ணெய் படாத இட்லியை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே இருப்பாள். இம்மானுவேல் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கே போவார். அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஊதுவார்.

"போதுங்க" என்று அழுவாள்.

"நல்லா மோந்து பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைப்பார்.