சௌடப்பனின் மூன்று ஜெர்மன் துப்பாக்கிகள்

அருப்புக்கோட்டையில் சௌடப்பன் வீட்டில் பத்துத் தறி ஓடியது. ஆனாலும் ஊரார் அந்த வீட்டுக்கு அடையாளம் சொல்வது தறியை வைத்து இல்லை. "ஜெர்மன் துப்பாக்கிக்காரர் வீடு" என்றுதான் கையைக் காட்டுவார்கள்.

மொத்தம் மூன்று. மூத்தது மவுசர் கைத்துப்பாக்கி. அதன் மரப்பெட்டியைப் பின்னால் மாட்டினால் அதுவே தோளில் வைக்கிற கட்டையாகிவிடும். உள்ளே கழற்றிப் பார்த்தால் ஒரு திருகாணி கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும். "தறி செய்யிற ஆசாரி இதைப் பாத்தா அழுதுருவான்" என்பார் சௌடப்பன். அடுத்தது லூகர். சுடும்போது அதன் மேல்பாகம் முழங்காலை மடக்குகிற மாதிரி மேலே மடியும். மூன்றாவது பட்டாளத்து ரிவால்வர், ஆறு குண்டு, அம்மிக்குழவிக் கனம். இவற்றை வைத்து அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பார், அவ்வளவுதான்.

மவுசரை வாங்கியவர் அவருடைய தாத்தா. சேலை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கமுதி, திருச்சுழி என்று போய் வருகிறவர். வழிப்பறிக்குப் பயந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே லைசென்ஸு எடுத்தார். மற்ற இரண்டையும் ஜமீன் ஒழிந்த பிறகு ஒரு பழைய ஜமீன் வீட்டில் பேசி வாங்கி, அதே லைசென்ஸுப் புத்தகத்தில் ஏற்றியவர் பேரன் சௌடப்பன்.

எழுபத்தொன்றில் எலெக்சன் வந்தது. வழக்கம்போலத் துப்பாக்கிகளை ஸ்டேசனில் ஒப்படைத்தார். எலெக்சன் முடிந்து திரும்ப வாங்கப் போனால், "புத்தகம் கிழிஞ்சு கெடக்கு, புதுசு மாத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தாலுகா ஆபீசில் காசிராஜன் என்று புதிதாக ஒரு கிளார்க்கு. முதல் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. இரண்டாம் பக்கத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சௌடப்பன், தகப்பனார் வெங்கடசாமி. நீங்கதானே?"

"ஆமாங்க."

"பொறந்தது ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்திரெண்டு. தொண்ணூத்தொம்பது வயசுல மீசை இம்புட்டுக் கருப்பா இருக்கே, என்ன எண்ணெய் தேய்க்கிறீக?"

ஆபீசே சிரித்தது. சௌடப்பன் மட்டும் புத்தகத்தை வாங்கி அந்த வருஷத்தை விரல் வைத்துப் படித்தார்.

அந்தக் குடும்பத்தில் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான். வெங்கடசாமியின் மகன் தாத்தா சௌடப்பன். அவருடைய மகன் வெங்கடசாமி. அவருடைய மகன் மறுபடியும் சௌடப்பன். ஏட்டில் எழுதினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆள். தாத்தா கண்ணை மூடியபோது இவருக்குப் பன்னிரண்டு வயது. "இது உன் பேருல இருக்குடா, பத்திரம்" என்று சொல்லித்தான் அப்பா புத்தகத்தைக் கையில் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்த சௌடப்பன் அதில் வருஷத்தை எங்கே பார்த்தார்?

"தாத்தா லைசென்ஸுன்னா துப்பாக்கி மூணும் சர்க்காருக்குப் போயிரும். உங்க லைசென்ஸுன்னா, வெவரம் தெரிஞ்ச வீட்டுப் பெரியவுக யாராச்சும் வந்து தாசில்தார்கிட்டச் சொல்லணும்" என்றார் காசிராஜன்.

வீட்டுக்கு வந்தால் மனைவியின் தம்பி கருணாகரன் பிடித்துக்கொண்டான். "ஏன் மச்சான், அம்பது வயசை மறைச்சா எங்க அக்காவைக் கட்டுனீக?"

"ஏலே, நானே கொழம்பிப் போயிக் கெடக்கேன்."

"நீங்க தாத்தான்னா செத்துல்ல போயிட்டீக? பேரன்னா துப்பாக்கி உங்களுது இல்ல. எது வசதி?"

இரண்டு நாள் சௌடப்பன் தறிப்பக்கமே போகவில்லை. ஸ்டேசன் பெட்டிக்குள் மவுசர் துருப்பிடிக்கிற மாதிரியே இருந்தது. மூன்றாம் நாள் தாயார் பாலாமணியை ஆபீசுக்குக் கூட்டிப் போனார். பாலாமணி மல்லாங்கிணற்றுப் பிறப்பு. வாக்கப்பட்டு வந்த நாள் முதல் மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை, "பெரியவர்" என்பாள். மகனுக்கும் அதே பெயர் என்பதால் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொட்டிலில் கிடந்தபோதே "பெரியவரே" என்றுதான் அழைப்பாள்.

"இந்த லைசென்ஸு யாருக்கும்மா குடுத்தது?" என்று கேட்டார் தாசில்தார்.

"பெரியவருக்குத்தான்யா."

"எந்தப் பெரியவரு?"

"எங்க வீட்டுப் பெரியவரு."

"பேரைச் சொல்லும்மா!"

பாலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகனைக் காட்டினாள். "இந்தா நிக்கிறாகள்ல, அந்தப் பேருதான்."

"இவருதானே?"

"அதே பேருதான்யா."

தாசில்தாருக்கு வருஷக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி வேலை தலைக்கு மேல் கிடந்தது. "எவனோ அம்பது வருசத்தைக் கூட்டி எழுதிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரெண்டுன்னு திருத்துய்யா" என்று காசிராஜனிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கிகள் வீடு வந்தன.

ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் சௌடப்பன் கேட்டார்: "அம்மா, நெசமா அது யாரு லைசென்ஸு?"

"பெரியவரோடதுதான்" என்றாள் பாலாமணி.

அந்த ஆடி அமாவாசைக்கு, வருஷா வருஷம் போகிற மாதிரி, கருணாகரனோடு திருச்சுழிக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனார். குண்டாற்றில் மணல்தான் ஓடியது. ஊற்றுத் தோண்டிச் சொம்பில் தண்ணீர் எடுத்திருந்தார்கள். ஐயர் முதலில் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, கையில் எள்ளைக் கொடுத்தார்.

"அப்பா பேரு?"

"வெங்கடசாமி."

"தாத்தா பேரு?"

காசிராஜன் எங்கேயாவது நிற்கிறாரா என்று சௌடப்பன் கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க மச்சான்" என்று இடித்தான் கருணாகரன்.

"சௌடப்பன்" என்றார், காதோடு சொல்கிற மாதிரி.

"உங்க பேரைக் கேக்கலைங்க. செத்தவர் பேரு."

"அதுதான் சாமி."

எள்ளும் தண்ணீரும் விரல் வழியே இறங்கின. யாருக்கு விட்டோம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தார், பிடிபடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தார். லூகரைத் துடைத்தார். ரிவால்வரைத் துடைத்தார். மவுசரை எடுத்தார், தாத்தாவுடையதாச்சே என்று துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தார், தனக்கும் அதே பெயர்தானே என்று மறுபடியும் வெளியே எடுத்தார்.