சாப்பாட்டுக்கு முன்னால் கேட்ட கேள்வி

எனக்கு எண்பது வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கை இறந்துபோன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில்தான் வளர்ந்தன. ஏழு பேரையும் ஒரு குறையில்லாமல் ஆளாக்கினேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அவசரமில்லை. ஆனால் நான் சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தவள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். இப்போது ஊர் ஊராகப் பயிற்சி கொடுக்கப் போகிற பிள்ளைகள், முடிவில் "எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதி வாங்குகிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. ரொம்ப நல்லா இருந்துச்சுங்க

தருமபுரி, சேலத்தை விட்டுப் பிரிந்து தனி ஜில்லா ஆகிச் சில வருஷம் ஆகியிருந்தது. வீரிய விதை, உரம், பூச்சி மருந்து எல்லாம் புதிதாக வந்துகொண்டிருந்த காலம். விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடத்தும் பயிற்சி நிலையம் ஒன்றில் நான் ஆயா. போஸ்ட் தற்காலிகம். சமைப்பது, பாய் விரிப்பது என் வேலை. எங்கள் அம்மா வீட்டில் கன்னடம் பேசுவோம். அதனால் எல்லைப் பக்கத்துப் பெண்கள் வந்தால், வகுப்பில் சொல்வதைக் கன்னடத்தில் எடுத்துச் சொல்வதும் நான்தான்.

வகுப்பு எடுத்தவர் சுசீலா அம்மா. என்னைவிடச் சின்னவர், நன்றாகப் படித்தவர். அந்தத் தடவை விதை நேர்த்தி புதுப் பாடம். விதைத் தானியத்தில் மருந்துப் பவுடர் கலந்து வைத்தால் பூச்சி, பூஞ்சாணம் அண்டாது. "விதை ராகியில் கலந்து வையுங்கள், அதைச் சாப்பிடக் கூடாது" என்று அம்மா சொன்னார். நானும் ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னேன். ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தோம்.

கடைசி நாள் வடை, பாயசத்தோடு சாப்பாடு. பிறகு பஸ் காசு. அதற்கும் பிறகு ஆபீசர் வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேட்பார்.

"பயிற்சி எப்பிடிம்மா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அடுத்தவளும் அதையே சொல்வாள். அதற்கு அடுத்தவளும் அதையே.

"பாத்தீங்களா சுசீலா, ஒருத்தர்கூட குறை சொல்லல. ரிப்போர்ட்ட மேல அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப் ஏறிப் போய்விட்டார்.

சுசீலா அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நாகம்மா, எனக்கு என்னமோ பயமா இருக்கு. புதுப் பாடம். ஒருத்திகூட சந்தேகம் கேக்கல. எல்லாரும் ஒரே வார்த்தைய சொல்றாங்க."

"அதுக்கு என்னம்மா பண்றது?"

"வூட்டுக்கே போயி கேட்டுட்டு வரலாம். நீங்களும் வாங்க."

2. கெம்பம்மா போட்ட விருந்து

அடுத்த வாரம் மாரண்டஹள்ளியில் பஸ் இறங்கி நடந்தோம். கன்னடம் பேசுகிற சின்ன ஊர். எங்கள் வகுப்புக்கு வந்த கெம்பம்மாவின் வீடு அங்கே இருந்தது. புருஷன் கூலி வேலைக்கும் போவார், கொஞ்சம் புன்செய் நிலமும் உண்டு. எங்களைக் கண்டதும் கெம்பம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பன்னி, ஒளகெ பன்னி", வாங்க, உள்ளே வாங்க என்று கன்னடத்தில் அழைத்துப் பாய் போட்டார். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பயிற்சி எப்படி இருந்துச்சும்மா?" என்று சுசீலா அம்மா கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அம்மா என்னைப் பார்த்தார். அதே வார்த்தை. இதற்கா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று இருந்தது. "சரி, வூட்டுக்கு வந்து நீ என்ன பண்ணினே? அதச் சொல்லு" என்று நான் கேட்டேன்.

"சொல்றது என்னக்கா, வந்து பாருங்க" என்று மூலையில் இருந்த தொம்பைக்கு அழைத்துப் போனார். மூங்கில் பின்னிச் சாணி மெழுகின, ஆள் உயரத் தானியக் கூடு அது. மூடியைத் திறந்தார். ராகி முழுக்கப் பவுடர் அப்பியிருந்தது.

"அம்மா சொன்ன மாதிரியே பண்ணிட்டனுங்க. பொட்டலம் பத்தல. புருஷன கடைக்கு அனுப்பி இன்னும் வாங்கிட்டு வரச் சொன்னேன். எல்லாத்தையும் கீழ கொட்டி, நல்லா பெரட்டி, திரும்ப ரொப்பினேன்."

சுசீலா அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "விதை எதும்மா?"

"அடியில இருக்கறதுதாங்க விதை."

"மேல இருக்கறது?"

"அது திங்கறதுக்கு."

அந்தப் பக்கத்துச் சின்ன வீடுகளில் விதை என்று தனிப் பானை கிடையாது. ஒரே தொம்பை. மேலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். மழை விழும்போது அடியில் மிஞ்சி இருப்பது விதை. எங்களுக்கு அது தெரியாது. சுசீலா அம்மா டவுனில் வளர்ந்தவர். எங்கள் வீடோ அன்றன்றைக்கு வாங்கித் தின்ற வீடு, தொம்பையே கிடையாது.

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னமே கெம்பம்மா!"

"விதைய திங்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லணுமாக்கா? எந்த வூட்டுல விதைய திம்பாங்க?" என்று சிரித்தார்.

அப்போதுதான் என் காதில் திருகைச் சத்தம் விழுந்தது. பின்கட்டில் கெம்பம்மாவின் மகள் ராகி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்த ராகி?"

"இதுல எடுத்ததுதான். எங்களுக்குப் பழைய மாவு இருக்குது. நீங்க வந்திருக்கீங்களே, புது மாவுல களி கிண்டலாம்னு..."

நான் ஓடிப்போய் அந்தப் பிள்ளையின் கையைத் திருகையிலிருந்து பிடுங்கினேன். உதட்டில் மாவு ஒட்டியிருந்தது. "வாயில போட்டியா? சொல்லு! போட்டியா?" என்று உலுக்கினேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கை, முகம் எல்லாம் கழுவிவிட்டேன்.

விஷயம் புரிந்ததும் கெம்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கழுவினா போகாதுங்களா?"

"போகாதும்மா" என்றார் சுசீலா அம்மா.

"அப்ப அடுத்த அறுப்பு வரைக்கும் நாங்க என்னத்தைங்க திங்கறது?"

பிறகு கெம்பம்மாவே எழுந்து, சாணியும் மண்ணும் குழைத்து, எங்கள் கண்முன்னே தொம்பையின் வாயைப் பூசி அடைத்தார்.

3. கூரையில் செருகின பொட்டலம்

அதே பேட்சில் வந்த மற்றப் பெண்கள் என்ன செய்திருப்பார்களோ! பாலக்கோட்டுப் பக்கத்து ஊர்களுக்கு அம்மா போனார். பாப்பாரப்பட்டிப் பக்கம் லூர்து மேரி வீட்டுக்கு நான் போனேன். அந்த ஊர் மாதா கோயில் திருவிழா நெருங்கியிருந்தது. விருந்தாளி வருகிற வீடு, தொம்பையைத் திறக்காமல் இருப்பார்களா? பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனது. டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

"ராகில மருந்து கலந்துட்டியா?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

லூர்து மேரி திருதிருவென்று விழித்தார். பிறகு கூரையைக் காட்டினார். எங்கள் பொட்டலம் பிரிக்காமல் ஓலையில் செருகியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க மாமியா தொட விடல. சர்க்கார் பவுடர மூஞ்சில வேணா பூசிக்க, ராகில போட்டா உன்ன அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவேன்னுச்சு."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "ஆமா, சொன்னேன்! இப்ப என்னாங்கறே?"

"நல்லா சொன்னீங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"அன்னிக்கு ஆபீசர்கிட்ட, மாமியா விடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே லூர்து?"

"வயிறு நெறயச் சோறு போட்டு, பஸ்ஸுக்குக் காசும் குடுத்தவங்க முன்னால எப்பிடிக்கா சொல்றது? நன்றி கெட்டவன்னு நெனைக்க மாட்டாங்களா?"

சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு செய்தவரும் நல்லா இருந்துச்சு என்றார். ஒன்றுமே செய்யாதவரும் நல்லா இருந்துச்சு என்றார். ரிப்போர்ட்டில் இருவர் பேச்சும் ஒன்றாகத்தான் போயிருந்தது.

4. அடைத்த தொம்பை

மற்ற வீடுகளில் ஆபத்து இல்லை என்று அம்மா வந்து சொன்னார். இனிக் கெம்பம்மா வீடுதான். "மருந்து கலந்தது விதைக்கு ஆகும். விதை டிப்போவுல அத எடுத்துக்கிட்டு, திங்கற ராகி மாத்திக் குடுக்கணும் சார்" என்று ஆபீசரிடம் கேட்டார்.

"நம்ம பயிற்சியில கோளாறுன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? இப்பத்தான நல்லா இருக்குதுன்னு ரிப்போர்ட் போச்சு?"

"ஆமாங்க சார். ரெண்டாவது ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போடறேன்."

"ஆயா என்ன சொல்றே? உன் போஸ்ட் தற்காலிகம், ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் ஏழு வாய். ஆனாலும், "அந்தப் பிள்ளையோட கைய திருகையிலருந்து எடுத்தவ நானுங்க சார்" என்று சொன்னேன்.

"எழுதுங்க. மேல திட்டு விழுந்தா உங்க ரெண்டு பேரையும் முன்னால நிறுத்திட்டு நான் பின்னால நின்னுக்குவேன்" என்றார் ஆபீசர்.

எழுதி அனுப்பினோம், மேலேயிருந்து பல நாள் பதில் வரவில்லை. அந்த நாட்களைப்போல நான் பயந்து கிடந்ததில்லை. போஸ்ட் போய்விடுமே என்பதைவிட அந்தத் தொம்பை பயம்தான் பெரிது. பசித்த வீடு, நிறைந்த தொம்பை. பக்கத்து வீட்டார் எத்தனை நாள் கைமாற்றுக் கொடுப்பார்கள்? பிள்ளை அழுதால் ஒரு பிடி எடுக்கத் தோன்றாதா? பஸ் ஸ்டாண்டில் மாரண்டஹள்ளி பஸ் வந்து நின்றால் போய் நிற்பேன். "கெம்பம்மா வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று இறங்குகிறவர்களைக் கேட்பேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருவழியாக உத்தரவு வந்தது. ராகி மூட்டை ஏற்றின வண்டியோடு நாங்களும் போனோம். கெம்பம்மா இளைத்திருந்தார். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள், எண்ணிப் பார்த்துக்கொண்டேன். தொம்பையின் வாயில் பூச்சு காய்ந்து இறுகியிருந்தது. அவர் கை பதிந்த தடம் அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது. அதை உடைக்கும்போது கெம்பம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு வகுப்பு மாறியது. ஒரு தொம்பையையே கொண்டுவந்து நடுவில் வைத்தோம். கடைசி நாள் சாப்பாட்டுக்கு முன்னால், ஆபீசர் இல்லாத நேரத்தில், "உன் வூட்டுக்குப் போயி என்ன பண்ணுவே, யாரு தடுப்பாங்க?" என்று ஒவ்வொருத்தியையும் சொல்லச் சொல்வோம். மாமியார் பேச்சு வராத பேட்சே கிடையாது. குறை கொட்டும், சண்டைகூட வரும். சுசீலா அம்மாவுக்கு அதில்தான் நிம்மதி. என் போஸ்டும் போகவில்லை.

நான் கற்றது இதுதான். எப்படி இருந்தது என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். என்ன செய்வாய் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

பேத்தி மலர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "நல்லா எழுதியிருக்கீங்க ஆயா" என்கிறாள், இன்னும் படிக்கவேயில்லை.

"அந்தக் கத வேணாம் கண்ணு. மொதல்லருந்து சத்தமா படி. நான் என்ன எழுதியிருக்கேன்னு கேக்கணும்."