நான் முதலிடம் கொடுத்த பர்னிச்சர் கம்பெனி

என் தங்கை வீட்டில் கட்டில் வந்து இறங்கிய செய்தி, அவளை மூன்று வருஷம் அடித்தவனுக்குத்தான் முதலில் போனது. தெருப் பெயர், கதவு எண், மாடி வீடு என்ற குறிப்பு, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எல்லாம் சேர்ந்து போனது. அனுப்பியது ஒரு பர்னிச்சர் கம்பெனி. பாதுகாப்பில் அந்தக் கம்பெனிக்குத்தான் முதலிடம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவள் நான். நினைத்தால் இன்னும் உடம்பு கொதிக்கிறது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன் என்பதால் கொதிப்போடே எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆபீஸ் சென்னையில். மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து சோதித்து மார்க் போடுவது என் வேலை. இணையதளத்துக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா, அவர்கள் பெயரில் வேறு யாராவது போலி மெயில் அனுப்ப முடியுமா, பாஸ்வேர்டை எத்தனை தடவை தப்பாகப் போட்டால் கதவு சாத்திக்கொள்கிறது, இப்படி ஒரு பட்டியல். சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா, "கம்ப்யூட்டர்ல என்னமோ காவல் காக்குதுப்பா" என்பார். அந்தக் காவல் லட்சணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் ஐந்து பர்னிச்சர் கம்பெனிகளை ஒப்பிடும் வேலை வந்தது. பெரிய நிறுவனம் ஒன்று தன் கிளைகளுக்கெல்லாம் மேசை நாற்காலி வாங்கப் போகிறதாம், யாரை நம்பலாம் என்று கேட்டிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒரு கம்பெனி பழைய மென்பொருளையே ஓட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஆர்டர் எண்ணை ஒன்று கூட்டிப் போட்டால் அடுத்த ஆளின் விலாசம் தெரிந்தது. மற்ற இரண்டும் சுமார். ஐந்தாவது கம்பெனியில் மட்டும் எங்கே தட்டினாலும் கதவு திறக்கவில்லை. வாடிக்கையாளரின் போன் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பழைய எண்ணுக்கு ஓடிபி போகும், அதைச் சொன்னால்தான் மாறும். இதற்கென்று தனியாகப் பாராட்டி ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

இனி என் தங்கை கதை. திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம் நடந்தது. அப்பா நிலத்தில் மல்லாட்டைக் கடலையும் கரும்பும் போடுகிறவர், கையை மீறித்தான் சீர் செய்தார். முதல் வருஷம் புருஷன் அடித்ததை அவள் மறைத்தாள். இரண்டாம் வருஷம் சொன்னாள். பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து பேசி இரண்டு தடவை திருப்பி அனுப்பி வைத்தார்கள், புத்திமதியும் அவளுக்குத்தான் சொன்னார்கள். மூன்றாம் வருஷம் இடது காது சரியாகக் கேட்காமல் வந்து நின்றாள். அதற்குப் பிறகு நாங்கள் எந்தப் பெரிய மனுஷரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவளை ஒளித்து வைத்தது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை கிடைத்தது. மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். கறி, மீன் சமைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் போட்ட நிபந்தனை. கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள் இவள், "மீனா இப்ப முக்கியம்" என்று சிரித்தாள். சிம் கார்டு என் பெயரில் வாங்கினேன். வாட்ஸப்பில் போட்டோ வைக்காதே, பார்சல் எதுவும் உன் பெயருக்கு வரக் கூடாது, லேப் வாசலில் நின்று செல்பி எடுக்காதே என்று வரிசையாகச் சட்டம் போட்டேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று ஒரே பதில். அவள் இருக்குமிடம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏழு மாதம் பாயில் படுத்தாள். துணியெல்லாம் அட்டைப் பெட்டியில். பிறகு ஒருநாள், கால் காசானாலும் சொந்தச் சம்பளத்தில் ஒரு கட்டிலும் பூட்டுப் போட்ட பீரோவும் வாங்கப் போகிறேன், எந்தக் கடையில் வாங்கட்டும் என்று என்னைக் கேட்டாள். யாரைக் கேட்கிறாள் பாருங்கள், ஐந்து கம்பெனியையும் அலசி முடித்திருந்த என்னை. கொஞ்சமும் யோசிக்காமல், நான் போட்ட பார்சல் சட்டத்தைக்கூட மறந்து, அந்த முதலிடக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். "கண்ண மூடிக்கினு வாங்கு" என்றும் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாமான் வந்தது. கட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், சுவர் தெரியாமல் வெறும் கட்டிலை மட்டும் எடுத்திருந்தாள். என் சட்டத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினாள் அந்தப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. "அக்கா, அந்த ஆளு கீழ நின்னுக்கினு இருக்கான்" என்றாள். குரல் உயரவில்லை. கதவைத் தாழ் போடு, பால்கனிக்கு வராதே என்று சொல்லிவிட்டு ஓடினேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றது. எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்று ஒவ்வொரு சொந்தக்காரராக மனசுக்குள் நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டே போனேன். அப்பாவைக்கூட விடவில்லை. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேனோ தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான். வீட்டுக்கார அம்மா மாடிப்படி கிரில் கதவைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவர்தான் சொன்னார். வந்தவன் கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. போனை நீட்டிக் காட்டி, "கட்டிலு வந்து சேந்துச்சான்னு பாக்க வந்தேங்க, மெசேஜ் வந்துது" என்று மரியாதையாகத்தான் பேசினானாம். அவர் வழி விடவில்லை என்றதும் அண்ணாந்து மாடியைப் பார்த்து, "அட்ரஸ் தெரிஞ்சிடுச்சு, இனிமே என்னா அவசரம்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். மேலே போனேன். தங்கை புதுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். ஆனால் அவனுக்குத் தெரிந்ததைத் திரும்ப எப்படி எடுப்பது?

மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் திண்டிவனம் ஷோரூம் திறக்கும்போதே போய் நின்றேன். தங்கையிடம் கேட்டதில் விஷயம் பாதி புரிந்திருந்தது. பில் போடும்போது, பழைய கஸ்டமரா மேடம், பழைய கஸ்டமர்னா ரெண்டு தலகாணி ஃப்ரீ என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்பா சீர்க் கட்டில் வாங்கியது இதே கம்பெனியின் விழுப்புரம் கடையில்தான். அவளுக்குக் கம்பெனிப் பெயரைச் சொன்னபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. ஊர், பெயர் வைத்துத் தேடி, பழைய கணக்கை எடுத்து, அதிலேயே புது பில்லைப் போட்டுவிட்டார்கள். இவள் கொடுத்த புது எண் இரண்டாம் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது.

மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் எண் என்ற இடத்தில் அவனுடைய நம்பர். ஆர்டர் உறுதி, வண்டி கிளம்பியது, சாமான் இறங்கியது என்று மூன்று மெசேஜ், மூன்றின் பக்கத்திலும் பச்சை டிக். எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். பெண் வீட்டார்தான் கட்டில் பீரோ வாங்குவார்கள், ஆனால் பில்லில் எழுதுவது மாப்பிள்ளையின் நம்பரை. சாமான் இறங்கப் போவது மாப்பிள்ளை வீட்டில், வண்டிக்காரர் வழி கேட்கப் போவதும் அவரிடம். உழைத்து வாங்கியவர் அப்பா, பொருளுக்குச் சொந்தக்காரி என் தங்கை, நம்பர் மட்டும் அவனுடையது. யாரும் இதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. அன்றைக்கு அந்தக் கடையில் நானும் இருந்தேன். மாப்பிள்ளை நம்பர் சொல்லுங்க என்று கேட்டபோது அப்பாவுக்கு நினைவில்லை. என் போனில் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்துச் சொன்னது நான்தான்.

அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்து மேனேஜர் மேல் கொட்டினேன். பொண்டாட்டியை அடிக்கிறவனுக்கு வழி சொல்லத்தான் கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சோபா பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். அந்த மனுஷர் பொறுமையாகத்தான் இருந்தார். "எங்க சிஸ்டத்துல தப்பே இல்லீங்க மேடம். மெசேஜ் கரெக்டாதான் போயிருக்கு, நீங்களே பாருங்க" என்றார்.

சரி, இந்த நம்பரை இப்போதே எடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "எடுத்துடலாங்க. பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போவும். அத மட்டும் கேட்டுச் சொல்லிடுங்க" என்றார்.

இதைத்தானே நான் பாராட்டி எழுதினேன்? யாரும் திருடிவிடக் கூடாது என்று போட்ட பூட்டு, சாவி இருப்பது அவன் சட்டைப் பையில். எண்ணை எடுக்க அவனிடமே போய், ஐயா தயவுசெய்து ஓடிபி சொல்லுங்கள் என்று என் தங்கை கையேந்த வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு நான் முழு மார்க் போட்டிருக்கிறேன். தூ என்று எனக்கு நானே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பைத்தியக்காரி மாதிரி திண்டிவனத்தில் இருக்கிற மற்ற கட்டில் கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கினேன். கஸ்டமர் விலாசத்தை என்ன செய்வீர்கள் என்று ஒரே கேள்வி. ஒரு கடையில் டெலிவரி நோட்டு கல்லாவின் மேல் திறந்தபடி கிடந்தது, நின்ற இடத்திலிருந்தே நான்கு வீட்டு விலாசம் படித்தேன். இன்னொரு கடைக்காரர், கவலையே வேண்டாம் என்று சொல்லித் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸைக் காட்டினார். சாமான் இறங்கிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுப் பெண்ணை பீரோவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த போட்டோ, கீழே தெருப் பெயர். பெருமையாகக் காட்டினார். பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகையில் இரும்புக் கட்டில் விற்கும் ஒரு அம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அட்ரஸ் எனக்கு எதுக்கும்மா? வண்டிக்காரர்கிட்ட நீங்களே வழி சொல்லிக்கினு போங்க" என்றார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, பில் புத்தகம்கூட இல்லை. என் பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்தக் கொட்டகைக்கு சைபர்தான் வரும்.

அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று ஆபீசில் கேட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். என் மேலதிகாரி வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் ஒரு எண் யாருடையது என்பது நம் பட்டியலிலேயே இல்லையே என்றார். கேட்டவர்களுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, கம்பெனியின் இணையதளத்தில் இன்றைக்கும் ஓட்டை இல்லை, எதை வைத்து மார்க் குறைப்பது என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் தப்பென்று காட்ட முடியவில்லை. அதுதான் பேஜாராக இருக்கிறது. யாரைக் கேட்டாலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கம்பெனி இப்போதும் முதலிடத்தில்தான் இருக்கிறது.

தங்கை அந்த வீட்டைக் காலி செய்தாள். வீட்டுக்கார அம்மா இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டார். "வீடு நல்ல வீடுதாங்க, அட்ரஸ் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டாளாம். லேப் வேலையையும் விட்டாள். கட்டிலையும் பீரோவையும் அங்கேயே போட்டுவிட்டு, வந்தபோது இருந்த அட்டைப் பெட்டிகளோடு போனாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து கட்டிலைச் சரிபார்த்துத் தருகிறோம் என்று கம்பெனி அவனுக்கு இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கும்.

நான் வாங்கிக் கொடுத்த சிம்மையும் அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். பத்து நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறேன், வேலை கிடைத்துவிட்டது, அப்பாவிடம் சொல் என்றாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"கோவிச்சிக்காத அக்கா. உங்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை நாள் உன்னை ஒளித்து வைத்தது யார், உனக்காகச் சண்டை போட்டது யார், என்னிடம் சொன்னால் வெளியே போய்விடுமா என்று கத்தினேன். கத்தி முடிக்கும் வரை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அன்னிக்குக் கடையில அவன் நம்பர உன் போனப் பாத்துதான சொன்ன. அது இன்னும் உன் போன்ல இருக்குதா பாரு" என்றாள்.

காதிலிருந்து போனை எடுத்து, அவள் லைனில் இருக்கும்போதே தேடினேன். இருந்தது. 'மாப்பிள்ளை' என்ற பெயரில், கல்யாணத்துக்கு முன் அப்பா சொல்லி நான் ஏற்றியபடியே, கடைத் திரையில் இருந்த மாதிரியே இருந்தது.

இருக்கிறது என்றேன். சரிக்கா, வெச்சிடறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த எண்ணை உடனே அழித்துவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.