கடல் ஒத்துவராத மச்சான்

திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துவது தொழில். மண்ணெண்ணெய்க்காக வெற்றுக் கலன்களோடு வரிசையில் நின்ற அந்தப் பொல்லாத காலம் ஒருவாறு முடிந்து, படகுகள் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு நடந்த கதை இது. குச்சவெளி, திரியாய்ப் பக்கத்திலிருந்துகூட இஞ்சின்கள் வந்து குவிந்தன. மகளுக்கு மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. நியாயப்படி நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நாட்கள். நானோ, என் மனைவியும் அவளுடைய தம்பியும் சேர்ந்து எனக்கு எதிராக என்னவோ செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் ஊர் மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சான். தம்பி அங்கே வயல் செய்கிறவன். கடல் அவனுக்கு அறவே ஒத்துவராது. முந்தி மூதூருக்கு லோஞ்ச் படகு ஓடிய காலத்தில், அதில் ஏறி உட்கார்ந்ததுமே சத்தி எடுத்துவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் என் கடைக்கு வந்து நின்றான்.

"அத்தான், நானும் இந்த வேலையைக் கொஞ்சம் பழகலாம் எண்டு பாக்கிறன்."

வயலை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். குத்தகைக்கு விடலாம், ஆள் பார்க்கலாம் என்று முழுங்கி முழுங்கி ஏதோ சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. என் முகத்தைப் பார்க்காமல், நிலத்தில் கிடந்த பழைய பிளக் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நின்றான்.

இஞ்சினைத் திருத்தி முடித்தால் அதைப் படகில் பூட்டி, கடலில் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்ப்பேன். எப்போதும் தனியாகத்தான் போவேன். அன்றைக்கு அவனும் படகில் ஏறினான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனதுமே முகம் வெளிறிவிட்டது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். இனிமேல் வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த முறையும் வந்தான். அதற்கு அடுத்த முறையும். நான் சொல்லாமல் கடலுக்கு இறங்கப் பார்த்தால், சத்தி வராமலிருக்கக் கையில் தேசிக்காயை வைத்து மணந்தபடி ஓடி வந்து ஏறினான்.

கடலுக்குப் பயந்த ஒரு மனிதன் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறான்? எனக்கு ஒரு காரணம்தான் தோன்றியது. கடை.

பிறகு பார்த்ததெல்லாம் அதற்கே சாட்சியாக வந்து சேர்ந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி தொலைபேசியை வைத்துவிடுவாள். யார் என்று கேட்டால் தம்பி என்பாள். காலையில்தானே என்னோடு நின்றவன், அதற்குள் என்ன கதை? எனக்குப் பிரஷர் இருக்கிறது. அந்தக் குளிசைகள் எப்போதும் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும். ஒரு நாள் பார்த்தால் காணவில்லை. அவளே இரவில் ஒன்றை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து தந்தாள். "நீங்கள் மறந்துபோறீங்கள், அதுதான்" என்றாள். ஒரு நாள் அவள் கடைத்தெருவுக்குப் போனபோது தேடிப் பார்த்தேன். குசினியில் அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு என்ன தருகிறாள் என்று அன்றிலிருந்து குளிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் விழுங்கினேன்.

எங்கள் கடைக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "உங்கட மச்சான் நல்லா விசாரிக்கிறார். நீங்கள் எத்தினை மணிக்குப் பூட்டுறனீங்கள், எங்க போறனீங்கள் எண்டு கேட்டவர். கடையை அவர் பாக்கப்போறாரோ?" நான் சிரித்து வைத்தேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்படி அவர்களை நான் அணு அணுவாகக் கவனித்தேன். என்னை நான் கவனிக்கவில்லை. கோழி கூவ முன்னமே முழிப்பு வந்துவிடும், திரும்ப நித்திரை வராது. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல இருக்கும். சாப்பாடு மண் மாதிரி. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வாருக்கு ஒரு புது ஓட்டை போட்டேன். எத்தனையோ வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டிய காபரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எது எங்கே போகும் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தொலைபேசியில் கதைக்க எடுத்தால், வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுவேன். உண்மையில் சும்மாதான் கதிரையில் இருப்பேன். வாய் திறந்து கதைப்பது ஒரு மூட்டை தூக்குவது போல இருந்தது. தொட்டதுக்கெல்லாம் எரிச்சல். உடம்பெல்லாம் நோ. ஆஸ்பத்திரியில் சீனி, கொழுப்பு எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். மனைவி முன்கூட்டியே போய் டொக்டரோடு கதைத்து வைத்திருப்பாளோ என்றுகூட யோசித்தேன்.

அழவில்லை. அதனால் எனக்குக் கவலை என்று நான் நினைக்கவே இல்லை. களைப்பு என்றேன். கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, மனைவி பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். கையில் அர்ச்சனைத் தட்டும் இல்லை, பூவும் இல்லை. தம்பியை ஏன் இன்று காணவில்லை என்று கேட்டேன். தெரியாது என்றாள். அது போதும். அவள் ஓட்டோவில் ஏறியதும் நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். ஓட்டோ கோயில் பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அங்கே மச்சான் காத்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு ஏதாவது நோய் வருத்தமோ என்று ஒரு கணம் பயந்தேன். ஆனால் அவர்கள் போய் உட்கார்ந்தது மனநலக் கிளினிக்குக்கு முன்னால் இருந்த நீள வாங்கில். அதோடு எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது போல இருந்தது. என்னை விசரன் என்று ஆக்கப்போகிறார்கள். பிறகு கடையைத் தம்பிக்கு எழுதப்போகிறார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர்களைக் கூப்பிடும்வரை பொறுத்திருந்து, அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன்.

மனைவியின் குரல் கேட்டது. "அவரைக் கூட்டிக்கொண்டு வர ஏலாமல் கிடக்கு டொக்டர். கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறார். என்ன செய்யிறது எண்டு கேக்கத்தான் நான் வந்தனான்."

நான் உள்ளே போனேன். மச்சான் எழும்பிவிட்டான். மனைவி என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தாள். டொக்டர் என் மகளைவிடச் சில வயது மூத்த பெண். அவரைப் பார்த்து, என்னை விசர் எண்டு எழுதிக் குடுக்கப்போறீங்களோ என்று கேட்டேன்.

அவர் பயப்படவுமில்லை, என்னைச் சமாதானப்படுத்தவும் பார்க்கவில்லை. "உங்களோட கதைக்காமல் நான் ஒண்டும் எழுத ஏலாது. இருங்கோ. விருப்பமில்லாட்டி எழும்பிப் போகலாம், கதவு திறந்துதான் கிடக்கு" என்றார்.

கதவைத் திரும்பிப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது. ஏனோ இருந்தேன்.

அவர் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். காலையில் எப்போது முழிப்பு வருகிறது? முந்தி ஆசையாகச் செய்த வேலையில் இப்போதும் ஆசை இருக்கிறதா? சாப்பாட்டில் ருசி தெரிகிறதா? எல்லாம் என் பிழையால்தான் என்று தோன்றுகிறதா? எவ்வளவு நாளாக? ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு சொல்லில்தான் பதில் சொன்னேன். எங்கே கொண்டுபோய் மாட்டப் பார்க்கிறார் என்ற யோசனை எனக்கு. அதன் பிறகு அவர் பேனையைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"செத்துப்போனால் நல்லது எண்டு எப்பவாவது யோசிச்சனீங்களோ?"

அந்தக் கேள்வியை அதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் கோபம் வரும் என்றுதான் நினைத்திருப்பேன். கோபம் வரவில்லை. இத்தனை நாள் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கயிற்றின் மறு நுனியை யாரோ பிடித்தது போல இருந்தது. ஓம் என்றேன். மச்சான் கடைக்கு வரத் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், இஞ்சின் ஓட்டிப் பார்க்கப் போனவன், கொட்டியாரக் குடாப் பக்கம் இஞ்சினை நிறுத்திவிட்டு வெகுநேரம் இருந்ததைச் சொன்னேன். எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை.

அவள்தான் மெதுவாகக் கதைத்தாள். "அண்டைக்குப் பிந்தி வந்து சோற்றைப் பிசைஞ்சுகொண்டு இருந்து என்னட்டச் சொன்னனீங்கள். நான் இல்லாட்டிலும் கடை ஓடவேணும், தம்பியைக் கூப்பிட்டுப் பழக்கிவிடு எண்டு. ஞாபகமில்லையோ? அதைக் கேட்டாப் பிறகு உங்களைத் தனியக் கடலுக்கு விட எனக்குப் பயமாக் கிடந்தது."

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அவள் சொன்ன பிறகு அந்தச் சோற்றுக் கோப்பை மட்டும் மங்கலாக நினைவுக்கு வந்தது. கடையைத் தம்பிக்குக் கொடு என்று சொன்னதே நான்தான். நான் சாகும் யோசனையில் சொன்னதை அவள் கேட்டு, தம்பியை என் படகில் ஏற்றிவிட்டாள். குளிசைகளை ஒளித்ததும் அந்தப் பயத்தில்தான். மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பயணங்களில் எல்லாம் சத்தி எடுத்தபடியே அவன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர் என்றார் டொக்டர். மனம் பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவதில்லை, கஷ்டம் இருக்கும்போதுதான் வரும் என்றும் இல்லை. தாங்கிப் பிடித்து நின்ற காலம் முடிந்த பிறகும் வரும். ஆம்பிளைகளுக்கு அழுகையைவிட எரிச்சலாகவும் சந்தேகமாகவும் உடம்பு நோவாகவும் வெளியே தெரிவதும் உண்டு. நித்திரை, பசி, ஆசை, யோசனை எல்லாம் இப்படி இரண்டு கிழமைக்கு மேல் கெட்டுப்போனால் வந்து காட்ட வேண்டும். சாகிற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது, அன்றைக்கே வர வேண்டும் என்றார்.

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். குளிசை தந்தார்கள். முதல் நாட்களில் அதை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினேன். மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நானே சொன்னேன். அவர் கோபிக்காமல், இது பனடோல் மாதிரி உடனே வேலை செய்யாது, நல்லாய்ப் போச்சு என்று நினைத்து நீங்களாக நிறுத்தவும் கூடாது என்று விளங்கப்படுத்தினார். கதைத்துப் பழகுவதற்கு ஒரு ஆலோசகரிடமும் அனுப்பினார். அவரிடமும் முதல் தடவை போனபோது, நான் சொல்வதை மனைவியிடம் சொல்வீர்களா என்றுதான் கேட்டேன். சந்தேகம் அவ்வளவு லேசில் விடுவதில்லை.

மாற்றம் எப்போது வந்தது என்று சொல்ல ஏலாது. ஒரு நாள் மத்தியானம் சூடை மீன் பொரிக்கிற வாசம் வந்தது. எனக்குப் பசித்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டேன். போட்டுவிட்டுக் குசினிக்குள் போனவள் கனநேரம் வெளியே வரவில்லை. வேறொரு நாள் மகள் கதைக்க எடுத்தபோது, வைக்க மனம் வராமல் கதைத்துக்கொண்டே இருந்தேன்.

மச்சான் பிறகும் சில மாதம் வந்தான். கட்டைபறிச்சானிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வருவான். ஒரு நாள் கடையைப் பூட்டும்போது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அத்தான், விதைப்பு வருது. இனி நான் வயலுக்குப் போகலாமோ?"

அவன் வயலைப் பற்றிக் கேட்கவில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன், ஏனென்றால் அவனுக்குப் பொய் சொல்லக்கூடாது.

"ஓம், போ. திரும்ப அந்த யோசினை வந்தால் உனக்குத்தான் முதல் சொல்லுவன்."

அவன் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனான். என்னோடு நின்ற போகத்தில் அவன் வயலில் பாதி விதைக்காமல் கிடந்தது என்பதை மனைவி பிறகுதான் சொன்னாள்.

இப்போது கடைக்கு வருகிறவர்களில் யாராவது மெலிந்து, முகம் செத்து, களைப்புத்தான் என்று சொன்னால் நான் அப்படியே விட்டுவிடுவதில்லை. நித்திரை கொள்ளுறீங்களோ, சாப்பிடுறீங்களோ என்று கேட்பேன். தேவையென்றால் அந்தக் கடைசிக் கேள்வியையும் நேராகவே கேட்பேன். கேட்டால் ஒருவரும் அதனால் செத்துப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருவரோடு நானே கிளினிக் வரை போய் அந்த வாங்கில் இருந்திருக்கிறேன். ஒன்றுமில்லை, களைப்புத்தான் என்று அந்த நாட்களில் நான் எத்தனையோ தடவை சொன்னேன். என் வீட்டு ஆட்கள் அதை ஒரு தடவைகூட நம்பாததால்தான் இன்றைக்கு உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.