இரண்டு ஓட்டை டிஸ்க்

சித்தியைத் தனியாக டவுனுக்கு அனுப்பப் பயந்து அம்மா என்னையும் கூட அனுப்புவார். எட்டு வயதுப் பிள்ளை என்ன காவல் காக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சித்தி மாத்தளையில் கம்பியூட்டர் படித்தார். எங்கள் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு ஆள் சம்பளம் கணக்குப் பார்க்கிற புரோகிராம் ஒன்றை மாதக்கணக்காக எழுதி, ஒரே ஒரு சதுர ஃப்ளொப்பி டிஸ்க்கில் வைத்திருந்தார். வகுப்பு மெஷினில் எதையும் விட்டுவைக்க முடியாது. அடுத்து வருகிற பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். திங்கட்கிழமை அதைக் கொடுத்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் கண்டியில் வேலை.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது நாலந்தாவுக்குக் கிட்ட பொலிஸ் செக் பொயின்ட்டில் பஸ்ஸை மறித்தார்கள். இறங்கிப் பையைத் திறந்து காட்டுவது வழக்கம்தான். ஆனால் சித்தியின் பையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்ததும் எங்களை மட்டும் நிறுத்திவைத்து, பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள்.

செக் பொயின்ட் அறைக்குள் பழைய கம்பியூட்டர் ஒன்று இருந்தது. சார்ஜன்ட் டிஸ்க்கைப் போட்டார். அது கரகரவென்று இழுத்ததே தவிர எதுவும் வரவில்லை. தங்களுடைய டிஸ்க் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் ஒரு மூலையில்தான் ஓட்டை. சித்தியுடையதில் இரண்டு மூலையிலும் ஓட்டை. இதை யார் துளைத்தது, எதற்கு என்று கேட்டார். இது புது வகை, வரும்போதே அப்படித்தான் வரும், பழைய மெஷினுக்கு இதை வாசிக்கத் தெரியாது என்று சித்தி சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார். தமிழ்ப் பெண்ணின் டிஸ்க் பொலிஸ் மெஷினில் மட்டும் திறக்காது என்றால் யார் நம்புவார்? திறக்காவிட்டால் டிஸ்க்கையும் ஆளையும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார் சார்ஜன்ட். அப்படிக் கொழும்புக்குப் போன எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த அண்ணன் ஒருவர் திரும்பி வரவே இல்லை. நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டபடி நின்றது. சித்தி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, நகத்தால் எதையோ தள்ளினார். ஒரு ஓட்டை மூடிக்கொண்டது. மறுபடி போட்டு, கேட்டால் 'ஆம்' என்று கொடுக்கும்படி சார்ஜன்டிடம் சொன்னார்.

"அழாத. இப்ப வீட்டுக்குப் போயிருவோம்," என்றார் என்னிடம்.

மெஷின் வெகுநேரம் உறுமி ஓய்ந்தது. டிஸ்க் திறந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. சார்ஜன்டுக்கும் என்னளவுதான் கம்பியூட்டர் தெரிந்திருக்கும். இதற்கா இவ்வளவு நேரம் என்று அலுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், அந்த ஓட்டைதான் கோளாறு, சித்தி மூடினதும் சரியாகிவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்தி சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பயம் தெளியல்ல, விடுங்க," என்றார் அம்மா, விசாரிக்க வந்தவர்களிடம்.

திங்கட்கிழமை சித்தி டவுனுக்குப் போகவில்லை. செக் பொயின்ட்டுக்குப் பயந்துவிட்டார் என்று நான் கேலிகூடப் பண்ணினேன். அந்த ஓட்டை திறந்திருக்கும்வரை டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது என்றும், எல்லாவற்றையும் அழித்துவிடவா என்றுதான் அந்தக் கட்டம் கேட்டது என்றும் எனக்கு எப்படித் தெரியும்?