அம்மாவின் நாற்காலிக்கு ஆன்லைன் விலை

அம்மா போன பிறகு வீட்டில் என் கண்ணை உறுத்திக்கொண்டு நின்றது அவளுடைய சக்கர நாற்காலிதான். பெங்களூரில் இருக்கும் தம்பி வாங்கி அனுப்பியது. நல்ல கம்பெனி, மடக்கிக் காரில் வைக்கலாம். இடது கைப்பிடி கிழிந்தபோது அம்மாவின் நீலப் புடவையிலிருந்து ஒரு துண்டு வெட்டி நான்தான் சுற்றித் தைத்தேன். கடைசிக் காலத்தில் அவள் அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்கினாள், டிவி பார்த்தாள், என்னைத் திட்டினாள். காலியாகக் கிடந்த அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அறக்கட்டளை பழைய பொருள் கடை நடத்துகிறது. 'உங்களுக்கு வேண்டாதது, இல்லாதவர்களுக்கு' என்று வாசலில் போர்டு. நாம் சும்மா கொடுக்கும் துணி, பாத்திரம், மிக்ஸி, சைக்கிள் எல்லாவற்றையும் வாங்கி வைத்து, குறைந்த விலைக்கு விற்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் நேரே அங்கே வருவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் தெரிந்தவர் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் நாற்காலியை அங்கே கொடுத்தேன். யாரோ ஒரு ஏழை வீட்டுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, எங்கள் அலுவலகத்தில் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கும் பெண்மணியின் வீட்டுக்காரர் சென்டரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் பிசியோதெரபி பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள், சல்லிசாகக் கிடைக்கும் என்று நான்தான் அனுப்பினேன். மறுநாள் அந்தப் பெண்மணி டீ கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"போனேன் மேடம். ஒண்ணு இருக்குது. ஆனா நமக்கு ஆவாது."

"ஏன்?"

"எட்டாயிரத்து ஐநூறு சொல்றாங்க. பழசுதானங்கன்னு கேட்டா, போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுறாரு. இன்டர்நெட்டுல இதான் வெலையாம்."

"கைப்பிடியில நீலத் துணி சுத்தியிருக்கா?"

"ஆமா மேடம். உங்களுக்கு எப்டித் தெரியும்?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கடை மாறிப்போயிருந்தது. கண்ணாடிக் கதவு, பொருளுக்குப் பொருள் ஸ்டிக்கர். அடி கருத்த குக்கருக்குக்கூட நானூற்று முப்பது என்று குறி. மேனேஜர் சலவைச் சட்டை போட்ட மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். பொருளை போட்டோ எடுத்தால் அதே பொருள் ஆன்லைனில் பழசாக என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடுமாம். அதில் கொஞ்சம் குறைத்துக் குறி போடுவார்களாம். ரொம்ப நல்ல சாமான் கடைக்கே வராதாம், நேராக ஆன்லைனுக்குப் போய்விடுமாம்.

"முன்னாடி நாங்க ஏமாந்துக்கினு இருந்தோம் மேடம். யாவாரிங்க இங்க நூறு ரூபாய்க்கு வாங்கிக்கினு போயி, ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்கு வித்தானுங்க. அந்தக் காசு எங்களுக்கு வந்தா எங்க முதியோர் ஹோம்ல இருக்கற பெரியவங்க சாப்புடுவாங்க இல்ல?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பிவிட்டது.

"நான் குடுத்தப்ப இன்டர்நெட் வெலை பாத்து எனக்குக் காசு குடுத்தீங்களா?"

"அது டொனேஷன் மேடம்."

"யாருக்கு டொனேஷன்? இன்டர்நெட் வெலை குடுக்க முடிஞ்சவங்க உங்க கடைக்கு எதுக்கு வர்றாங்க? முடியாதவங்கதானே வர்றாங்க?"

அவர் போனைத் துடைத்தார். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் தொய்ந்த சீட். அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது சத்தம். "இதை எடுத்துக்கிட்டுப் போறேன். தடுக்கணும்னா தடுங்க" என்று கத்தினேன். புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். மேனேஜர் யாருக்கோ போன் போட்டு என் கையில் கொடுத்தார். அறக்கட்டளைச் செயலாளராம். "உங்க உணர்வு புரியுதுங்கம்மா. டோனர்ங்கறதால பத்து பர்சென்ட் குறைக்கச் சொல்றேன்" என்றார். என் அம்மாவின் நாற்காலிக்கு எனக்கே தள்ளுபடி!

அப்போது கூட வந்த பெண்மணி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கோபம் என் மேல்தான்.

"எழுந்திருங்க மேடம். நீங்க கத்திட்டுப் போயிடுவீங்க. எனக்கு நாளைக்கும் இந்தக் கடைதான். புள்ளைங்களுக்கு ஸ்கூல் பை இங்கதான் வாங்கறேன். என் மூஞ்ச ஞாபகம் வெச்சிக்கினா இன்னா பண்றது?"

இதை நான் யோசிக்கவே இல்லை. எழுந்தேன். கார்டைக் கொடுத்தேன். பில்லோடு ஒரு அட்டையை நீட்டி, "ஸ்கேன் பண்ணி அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேடம்" என்றார் மேனேஜர். அட்டையை வாங்கி மேஜையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரம் நடந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இதுக்கு நான் காசு தர மாட்டேன் மேடம். தர வேண்டியது நான் இல்ல. இனிமே எதுனா குடுக்கணும்னா ஆள் யாருன்னு பாத்து அவங்க கையில குடுங்க. நடுவுல கடை எதுக்கு?"

அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூசியிருக்கும். அவர் வீட்டுக்காரர் இப்போது அதில்தான் தெருமுனை டீக்கடை வரை தானே உருட்டிக்கொண்டு போகிறார். செயலாளருக்கு நான் போட்ட மெயிலுக்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று கம்ப்யூட்டரே ஒரு பதில் அனுப்பியது.

போன வாரம் அந்தக் கடையைத் தாண்டும்போது, வாசலோரம் இருந்த ஒரு வாக்கரைப் பெரியவர் ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஸ்டிக்கரைப் படித்தார். கையை எடுத்துவிட்டு இறங்கி நடந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

"யாருக்குங்க?"

"வூட்டம்மாவுக்கு. காலு வழுக்கி வுழுந்துட்டா."

அம்மாவின் வாக்கர் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வந்தேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அவரிடமும் சண்டை போட்டேன்.