கெண்டை பிடிக்கப் போகிறவரின் கைரேகை

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு லாரி கிளீனர், கோவாவில் ஓட்டல் வேலை, கத்தாரில் இரண்டு வருடம் சாரம் கட்டும் வேலை என்று ஓடி, இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தண்ணீர் இருந்தால் தூண்டில் போட்டுவிடுவேன். என்னை விட்டுப் போகாமல் நின்ற பழக்கம் அது ஒன்றுதான்.

கம்பெனிக்கு ஷூ வாங்க ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருவார். அறுபது வயதிருக்கும். அவருக்கும் தூண்டில் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேனேஜர் அவரை ஏரிக்கு அழைத்து வந்தார். நூலை ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, குடை இல்லாமல், நாற்காலி இல்லாமல், காலையிலிருந்து ஒரே கல்லில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“அவங்க ஊர்ல மலைக்கு நடுவுல ஒரு அணை இருக்காம். கெண்டை ஒவ்வொண்ணும் இருவது கிலோவாம். வருசா வருசம் ஆள் சேத்துக்கினு போவாரு. கூட வந்தவங்களுக்கெல்லாம் வயசாய்ட்ச்சு, உக்கார முடியல. ரெண்டு பேர் வோணும்னு கேக்குறாரு. நீ ஒருத்தன். இன்னொரு ஆள நீயே பாரு. சும்மா பந்தா பண்றவன கூட்டினு வராத.”

டிக்கெட்டும் கூடாரமும் அவர் பொறுப்பு. ஆனால் இரண்டு வாரம் கரையிலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் ஊர் கிடையாது. குளிரில் பல் கிட்டிக்கொள்ளும். இரவில் இரண்டு பேரும் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பாதி ஆட்கள் கழன்றுகொண்டார்கள். கெண்டை பிடிப்பதில் எங்கள் பக்கம் பேர் வாங்கிய ஒரு பிரியாணி மாஸ்டர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பிலிருந்து கரண்டியை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“திங்கக் கூடாதா?”

“கூடாது மாஸ்டர்.”

“ஒண்ணு கூடவா? பதினஞ்சு நாள்ல?”

“ஒண்ணு கூட.”

“அப்ப அத்த எதுக்குடா புடிக்கணும்? அது பாட்டுக்கு அங்க நீந்தினு இருக்குது. நீ பிளேன் ஏறிப் போய் அத்த பேஜார் பண்ணிட்டு வரப்போறியா?”

நான் அடுத்த ஆளைப் பார்க்கப் போனேன். இன்னொருவர் மெக்கானிக். முப்பது வருட அனுபவம் என்றார். அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கைபேசியை நாற்பது தடவை எடுத்தார். மூன்றாவது ஆள் பிடித்த மீன்களின் எடையை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். எதையும் தவறவிட்டதே இல்லையாம். தூண்டில்காரன் அப்படிச் சொன்னால் அவன் ஏரிக்கே போனதில்லை என்று அர்த்தம்.

கடைசியில் நான் முதலிலேயே போயிருக்க வேண்டிய ஆளிடம் போனேன். அவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புப் பிரிவில் வேலை செய்கிறவர். ஊறிய தோலிலிருந்து முடியும் சவ்வும் நீக்குவது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏரியில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. அவர் வராத நாளிலும் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்.

“பெரிய மீனு நூல அறுத்துக்கினு போனா இன்னாணா பண்ணுவீங்க?” என்று சும்மா கேட்டுவைத்தேன்.

“அது எங்கடா அறுக்குது? நம்ம அவசரந்தான் அறுக்குது. கேக்கும்போது நூல குடுத்துடணும்.”

பிறகு வெள்ளைக்காரர் விஷயத்தைச் சொன்னேன். பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்றதற்கு, “வுட்டா போச்சு” என்றார். அவ்வளவுதான். ஆனால் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது. விசாவுக்குப் பத்து விரலும் மெஷினில் வைக்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

இருபத்திரண்டு வருடச் சுண்ணாம்பு. விரல் நுனிகள் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தன. ஒரு கோடுகூட இல்லை.

“வேற ஆள பாத்துக்கோடா” என்றார். குரலில் வருத்தம் தெரியவில்லை. ஆனால் கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

நான் வேறு ஆளைப் பார்க்கவில்லை. தோல் வேலையை நிறுத்தினால் ரேகை திரும்ப வளரும் என்று கம்பெனி நர்ஸ் சொன்னார். அண்ணன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, ஒரு மாதத்துக்குக் காய்ந்த தோலை அளந்து கட்டும் இடத்துக்கு மாறிக்கொண்டார். தண்ணீரில் கை வைப்பதில்லை. இரை மாவும் பிசையக் கூடாது. தூண்டில்காரர்கள் எல்லாவற்றையும் கடன் கொடுப்பார்கள், இரை மாவின் பக்குவத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்த மாதம் அவர் சொல்லச் சொல்ல நான் பிசைந்தேன். புண்ணாக்கும் தவிடும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதாக என்ன போட்டார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பிடித்த மீனையெல்லாம் நான் திரும்பத் தண்ணீரிலேயே விட்டதைப் பார்த்து, ஏரி மீனை ஏலம் எடுத்தவருக்கு ஒரே சந்தோஷம். “தெனமும் வாங்கப்பா, உங்கள மாதிரி தங்கமான ஆளுங்க கெடைக்க மாட்டாங்க” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

நான்காவது வாரம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அண்ணன் அதைத் தன் மனைவியிடம் காட்டினார், என்னிடம் காட்டினார், டீக்கடையில் காட்டினார்.

சென்னைக்குப் போக வேண்டிய நாள் காலையில் ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்தோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எலுமிச்சை வாசனை அடித்தது.

“இன்னாணா வாசனை?”

“கைதான்டா. ஆபீஸ் போறோமில்ல. எலுமிச்சம்பழம், சோடா உப்பு, அப்புறம் கால் தேய்க்கிற கல்லு போட்டு நல்லா தேச்சேன். கொஞ்சம் கூட நாறக் கூடாது பாரு.”

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்பினால் இதைத்தான் முதலில் செய்வார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது போதும். ஒரு மாதமாக அவர் சுண்ணாம்புப் பக்கமே போகவில்லை, கையில் நாற்றம் எதுவும் இல்லை. இருந்தும் கை தானாகக் கல்லைத் தேடியிருக்கிறது.

அவர் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்; வளர்ந்த கோடுகள் பாதி தேய்ந்திருந்தன. என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

விசா ஆபீஸில் எனக்குப் பத்து விரலும் முதல் தடவையிலேயே பதிந்தது. அண்ணன் ரேகை எடுக்கும் கண்ணாடிப் பெட்டியில் வலது கை நான்கு விரலையும் வைத்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு விளக்குதான். கவுன்ட்டரில் இருந்த பெண் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன வேலை சார்?”

“தோல் ஷாப்மா.”

“இன்னைக்கு ஆகலன்னா அடுத்த தேதி அடுத்த மாசம்தான் சார் கிடைக்கும்.”

அடுத்த மாதம் வெள்ளைக்காரர் அணைக்கரையில் இருப்பார். அண்ணன் எழுந்திருக்கப் போனார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இருங்க. கொஞ்சம் தேங்காண்ணெய் தடவி, தண்ணி படாம ரெண்டு மணி நேரம் உக்காருங்க. வைக்கிறதுக்கு முன்னாடி நல்லா துடைச்சுட்டு, நெத்தியில ஒரு தடவை தேய்ச்சுக்கோங்க. கட்டட வேலை செய்றவங்களுக்கு அப்படித்தான் விழும்” என்றார்.

பெட்டிக் கடையில் எண்ணெய்ப் பாக்கெட் வாங்கினேன். வெளியே மரத்தடிச் சிமெண்டுப் பலகையில் அண்ணன் உள்ளங்கைகளை முழங்காலில் மல்லாத்தி வைத்து உட்கார்ந்தார். நான் டீயை ஊதி அவர் வாயில் பிடித்தேன். அங்கே காத்திருந்த ஓர் அம்மா பரிதாபமாகப் பார்த்தார்.

“கைக்கு இன்னாப்பா ஆச்சு? சுட்டுக்கினாரா?”

“இல்லம்மா. வளத்துனு இருக்கோம்.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ சட்டையில் கொட்டியது. கையால் துடைக்கப் போனவரை நான் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு மணி நேரம் முடிந்தும் அவர் எழவில்லை. “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்டா” என்று அரை மணி கூடுதலாக இருந்தார்.

உள்ளே போனோம். நெற்றியில் தேய்த்தார். வலது கை சிவப்பு. எடுத்து மறுபடியும் வைத்தார், அழுத்தாமல், நூலில் விரல் வைக்கிற மாதிரி. பச்சை. இடது கை முதல் தடவையிலேயே பச்சை. கட்டைவிரல்களுக்கு மூன்று தடவை ஆனது. கடைசியாக அந்தப் பெண், “முடிஞ்சது சார்” என்றதும் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கத்தாரில் எட்டாவது மாடிச் சாரத்திலிருந்து கால் தவறி, கயிற்றில் தொங்கி, திரும்ப ஏறி வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்தேன். அண்ணன் அந்தப் பெண்ணைக் கும்பிட்டார். வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்து, “பத்தும் வுழுந்துடுச்சுடி” என்று மூன்று தடவை சொன்னார்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. காட்பாடி தாண்டியதும் அவர் என் தோளைத் தட்டினார்.

“ஏன்டா, அங்க ரொம்பக் குளுருமா?”

ஒரு மாதமாக நானே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை போலிருக்கிறது. இப்போதுதான் முதல் தடவையாக அவராகக் கேட்டார்.

“பக்கெட்டுல தண்ணி உறைஞ்சு போவும்ணா.”

“அப்டியா?” என்று சொல்லி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “சொட்டர் ஒண்ணு வாங்கணும். ஷூ எந்த மாதிரி போடணும்? அங்க அரிசி கெடைக்குமா? மீனு தூக்குற வலை அவங்களே குடுப்பாங்களா, நம்ம எடுத்துனு போணுமா?”

ஆம்பூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கும் ஏதோ சொல்லிவைத்தேன்.